வீட்டுத் தொலைக்காட்சிப் பதிவுக்குப் பழைய கணினி: மூன்று வழிகள், இரண்டு வீடுகள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் அம்மா மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வீட்டு வாசலில் இட்லி மாவு விற்கிறார். தெருவே மாவு வாங்க வரும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவர் பார்க்க நினைக்கும் தொடர்களும் ஓடுகின்றன. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் குடியிருக்கும் மாமா வீட்டின் தேவை வேறு. கல்லூரியில் படிக்கும் மகளுக்காக ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்களில் வரும் பாடங்களைப் பதிந்து வைக்க வேண்டும். இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அங்கே கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் வந்தாலே அதிகம். இரண்டு வீட்டிலும் பரணில் ஒரு பழைய கணினி கிடந்தது. அவற்றைத் தொலைக்காட்சிப் பதிவுக் கருவிகளாக மாற்றலாம் என்று இறங்கி, ஓராண்டுக்கு மேல் மூன்று வழிகளையும் புழங்கிப் பார்த்த பிறகு இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

கணினி எவ்வளவு வேகமானது என்பதைவிட, வீட்டுக்குள் நுழையும் சிக்னல் பூட்டியதா பூட்டாததா என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அனலாக் கேபிள் இருந்த காலத்தில் கேபிள்காரர் இழுத்துவிட்ட வயரை, சேனல் சிக்னலைக் கணினிக்குள் வாங்கும் டிவி ட்யூனர் கார்டில் நேரடியாகச் செருகினால் அத்தனை சேனல்களும் கணினியில் வந்துவிடும். அரசு கேபிள் நிறுவனத்துக்கு 2017-இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்து வீடுதோறும் செட்டாப் பாக்ஸ் வந்த பின்பு அந்தக் கதை முடிந்துபோனது. கேபிளிலும் கட்டண டிடிஎச்சிலும் வரும் சேனல்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை; பாக்ஸும் அதிலுள்ள கார்டும் இல்லாமல் திறக்காது. இது தெரிந்திருந்தும், ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் “டிவி ரெக்கார்டிங் கார்டு” என்று சொல்லி விற்றதை வாங்கி வந்து, அது வெறும் அனலாக் கார்டு என்பதை வீட்டில் பெட்டியைப் பிரித்த பிறகே கவனித்தேன். திருப்பித் தரப்போனபோது கடைக்காரர் அதிலுள்ள மஞ்சள் ஓட்டையைக் காட்டி, “ஏவி இன் இருக்கே சார், அதுல எடுத்துக்கோங்க” என்றார். எரிச்சலாக இருந்தாலும், முதல் வழி அதுதான்.

செட்டாப் பாக்ஸின் பின்புறம் உள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி முனைகளிலிருந்து படத்தையும் ஒலியையும் எடுத்துக் கணினிக்குள் அனுப்புவது இந்த முறை. கார்டுக்குப் பதிலாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி கேப்சர் கருவியே போதும். ஆனால் ஒரே நிற உறைக்குள் வெவ்வேறு சிப்புகளை வைத்து விற்கிறார்கள். எஸ்டிகே1160, யூடிவி007 ஆகிய சிப்புகளுக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. வேறு சிப் வந்து மாட்டினால் அரைநாள் தேடல் உறுதி. வரும் படம் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள். சுருக்காமல் வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 20 எம்பி, மணிக்கு 75 ஜிபி வரை போகும் என்பதால், பதியும்போதே கணினி அதை எச்.264 என்ற காணொளி வடிவத்துக்குச் சுருக்கியாக வேண்டும். கோர் 2 டுவோ செயலி உள்ள எங்கள் பழைய கணினி இந்த அளவு படத்துக்கு ஈடுகொடுக்கிறது. மணிக்கு ஒரு ஜிபிக்குள் அடங்குகிறது. முழு எச்டி படத்தை உடனுக்குடன் சுருக்க அதனால் ஆகாது.

படத்தின் தரம் எப்படி? தொடர் பார்க்கப் போதும்; முகம் தெரிகிறது, அழுகை தெரிகிறது. செய்தியை ஓடவிட்டு அடியில் நகரும் எழுத்துகளைக் கவனித்தால்தான் குறை புலப்படும். மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து ‘க்’ என்பது ‘க’வாகிவிடுகிறது, எழுத்தோரங்களில் சிவப்பும் பச்சையும் எறும்பு போல ஊர்கின்றன. ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் ஏற்றும் முறையின் இயல்பான குறை இது. வேறு வயர் வாங்கினாலும் தீராது.

அதைவிடப் பெரிய தொல்லை சேனல் மாற்றுவது. பதிவு தொடங்கும் நேரத்தில் பாக்ஸ் விழித்திருக்க வேண்டும். வேண்டிய சேனலிலும் நிற்க வேண்டும். கணினி ரிமோட்டை அழுத்தாது. அகச்சிவப்பு எல்இடி ஒன்றைக் கணினியில் இணைத்து ரிமோட்டைப் போல நடிக்க வைக்கலாம், செய்தும் பார்த்தேன். அப்பா அந்த எல்இடிக்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டுப் போன நாளில், இரண்டு மணி நேரம் சமையல் நிகழ்ச்சி பதிவாகியிருந்தது. ஒலியைக் கேப்சர் கருவி வழியாக எடுக்காமல் மதர்போர்டின் லைன் இன் ஒலி முனையில் கொடுத்தால், படத்துக்கும் ஒலிக்கும் நேரம் கணக்கிடும் இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகாமல், நீண்ட பதிவின் கடைசியில் உதடு ஒருபுறமும் வசனம் ஒருபுறமுமாக ஓடும்.

எச்டிஎம்ஐ கேப்சர் கருவியும் இன்று மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பாக்ஸின் எச்டிஎம்ஐ முனையில் பெரும்பாலும் எச்டிசிபி என்ற நகல்தடுப்புப் பூட்டு இருக்கும். கணினியில் கறுப்புத் திரைதான் வரும். அந்தப் பூட்டை உடைக்கும் பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு இப்படிப்பட்ட பூட்டுடைப்பைப் பற்றியது என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இரண்டாவது வழி, தூர்தர்ஷனின் கட்டணமில்லாத டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ்ஷும், டிஷ் சிக்னலைக் கணினிக்குள் வாங்கும் டிவிபி-எஸ்2 ட்யூனர் கார்டும். என்னைக் கேட்டால், பழைய கணினி என்ற பொருளுக்கு உண்மையான மரியாதை இங்கேதான் கிடைக்கிறது. வானிலிருந்து வருவதே டிஜிட்டல் கோப்பு. ட்யூனர் அதை எடுத்துக் கொடுக்க, கணினி அப்படியே வட்டில் எழுதுகிறது. சுருக்கும் வேலை இல்லாததால் பழைய செயலி வியர்ப்பதில்லை; தரமும் ஒளிபரப்பில் வந்ததற்கு ஒரு புள்ளிகூடக் குறைவதில்லை. ஒரு சேனல் நொடிக்கு 3 மெகாபிட் எடுத்துக்கொண்டால் மணிக்கு 1.35 ஜிபி, ஒரு டிபி வட்டில் எழுநூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். இன்னொரு வசதியை ஏவி முறையில் கனவிலும் காண முடியாது: செயற்கைக்கோளின் ஒரே டிரான்ஸ்பாண்டரில், அதாவது ஒரே அலைவரிசைக் கட்டில், வரும் சேனல்கள் அத்தனையையும் ஒரே ட்யூனரால் ஒரே நேரத்தில் பதியலாம். மாமா மகள் இரண்டு பாடங்களை ஒன்றாகப் பதிகிறாள்.

மாமா வீட்டில் டிஷ்ஷைத் திருப்பியது ஒரு பகல் வேலை. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிற்பது 93.5 டிகிரி கிழக்கில்; சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பார்த்தால் அது தென்கிழக்கே, ஏறத்தாழ 67 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சிக்கு அருகில் இருக்கிறது. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் சூழ்ந்திருந்தும் சிக்னல் கிடைத்ததற்கு இந்த உயரமே காரணம். கனமழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது; மூடுபனி அந்த அளவுக்குத் தொந்தரவு செய்வதில்லை. மழை கெடுத்த பதிவைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதும் இல்லை. ஸ்வயம் பிரபாவில் ஒரு நாளுக்கான நான்கு மணி நேரப் பாடமே திரும்பத் திரும்ப ஒளிபரப்பாவதால் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். இடிதான் அச்சம். கூரையிலிருந்து வரும் டிஷ் வயர் நேராகக் கணினியின் வயிற்றுக்குள் போகிறது என்பதை மறந்து, ஒரு ஐப்பசி மாதத்தில் முதல் ட்யூனர் கார்டைப் பறிகொடுத்தோம். இப்போது வானம் கறுத்தால் மாமி முதலில் அந்த வயரைக் கழற்றிவிட்டுத்தான் துணி எடுக்கப் போகிறார்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது, கணினியில் ட்யூனர் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருக்கிறதா என்பது. பென்டியம் 4 காலத்துப் பெட்டிகள் பலவற்றில் பழைய பிசிஐ மட்டுமே உண்டு. அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினி பல வீடுகளில் இருக்கிறது. அதற்கு யூஎஸ்பி ட்யூனர் வேண்டும். டிஷ்ஷின் முன்னால் இருந்து சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் கொடுக்க வேண்டியிருப்பதால் அத்தகைய ட்யூனருக்குத் தனி அடாப்டர் வரும். கார்டின் விலை சில ஆயிரம் ரூபாய். டிபிஎஸ் போன்ற நிறுவனங்களின் கார்டுகளுக்கு லினக்ஸில் டிரைவரைத் தனியாகத் தொகுக்கவும் நேரிடும்.

இத்தனைக்கும் பிறகு, இந்த வழியின் எல்லை கறாரானது. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் மாறி வந்த டிடி தமிழ் கிடைக்கும், கல்விச் சேனல்கள் கிடைக்கும். அம்மா கேட்கும் கட்டணச் சேனல் தொடர்கள் எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் கிடைக்கா.

மூன்றாவது வழியில் கணினியே இல்லை. யூஎஸ்பி முனையுள்ள செட்டாப் பாக்ஸ்கள் பலவற்றில் பென்டிரைவ் செருகினால் பதிவாகும். சேனலையும் நேரத்தையும் பாக்ஸே பார்த்துக்கொள்ளும். கட்டண பாக்ஸ் எழுதும் கோப்பு பொதுவாக அந்த பாக்ஸில் மட்டுமே ஓடும்; பாக்ஸ் பழுதானால் பதிவும் போயிற்று. சேர்த்து வைக்க நினைப்பவருக்கு அது பெரும் குறை. இன்றைய தொடரை இரவு பத்து மணிக்குப் பார்த்துவிட்டு அழிக்கும் அம்மாவுக்கு அது ஒரு குறையே அல்ல.

மின்சாரக் கணக்கை யாரும் முதலில் போடுவதில்லை, நானும் போடவில்லை. எங்கள் மேசைக் கணினி சும்மா இருக்கும்போது 70 வாட் இழுக்கிறது. இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட். அதாவது வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் நூறு யூனிட்டையும் அதுவே விழுங்கிவிடும். பதிவு நேரத்துக்கு மட்டும் விழித்து, முடிந்ததும் உறங்கும்படி செய்தால் பதினைந்து யூனிட்டுக்குள் அடங்குகிறது. லினக்ஸில் ஆர்டிசிவேக் கட்டளையும், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரும் இதைச் செய்யும். ஆனால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 நாணய பேட்டரியை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். மின்சாரம் போய்வந்தவுடன் நேரத்தை மறந்து, 2009-ஆம் ஆண்டில் கண்விழித்த கணினி எந்தத் தொடரையும் பதியாது. மடிக்கணினியின் பேட்டரி கொஞ்சம் உயிரோடிருந்தாலும் ஏற்காட்டு மின்தடைக்கு அதுவே யூபிஎஸ்.

மென்பொருளைப் பொறுத்தவரை, ட்யூனருக்கு டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருளைப் போட்டு, டிவியில் ‘கோடி’ (Kodi) என்ற காணொளி இயக்கி வழியாகப் பார்ப்பது நேரான ஏற்பாடு. விண்டோஸ் விரும்புவோர்க்கு நெக்ஸ்ட்பிவிஆர் உண்டு. இதே வேலைக்கு விண்டோஸ் 7-இல் இருந்த மீடியா சென்டர் விண்டோஸ் 10-இல் நீக்கப்பட்டது. ஏவி வழிக்கு, படத்தைப் பதிந்து சுருக்கும் எஃப்எஃப்எம்பெக் நிரலை நேரம் குறித்து ஓடவிடுவதே போதும். ஃப்ரீ டிஷ்ஷில் நான் பார்த்தவரை நிகழ்ச்சி அட்டவணை அரைகுறைதான் என்பதால் பதிவை மணிக்கணக்கில் குறித்து, முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் விடுகிறோம்.

இப்போது அம்மாப்பேட்டை வீட்டில் யூஎஸ்பி பாக்ஸும் 64 ஜிபி பென்டிரைவும் இருக்கின்றன. கோர் 2 டுவோ ட்யூனர் கார்டோடு மலையேறி, மாமா வீட்டு அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏவி கேப்சர் கருவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். தங்கை கல்யாண விஎச்எஸ் கேசட்டை அவர் அதில்தான் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.