பற்றரிக்கு மூச்சு அடைத்திருந்தது

மாங்குளத்தில் இருக்கும் நண்பனுக்குப் பழைய டொயோட்டா அக்குவா ஒன்று, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார், மலிவாக வருகிறதாம். "எடுக்கலாமா மச்சான்?" என்று கேட்டான். 2025 இல் இலங்கையில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் எங்களுக்கு எட்டாது. அதனால் 2012, 2013 வண்டிகள்தான் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

பெற்றோல் விஷயத்தில் என் அக்குவாவைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட் காட்டி வாரக் கோட்டாவில் கிடைத்த சொட்டுப் பெற்றோலோடு ஊரே சைக்கிளைத் தேடியபோதும் இது ஓடியது. ஆனால் போன சித்திரை வெயிலில் குணம் மாறிவிட்டது. கிளிநொச்சி நெரிசலில் சத்தமில்லாமல் ஊர்ந்த கார், நின்ற இடத்திலேயே எஞ்சினை எழுப்பத் தொடங்கியது. எஞ்சின் இல்லாமல் பற்றரியில் மட்டும் ஓட்டும் ஈவி பொத்தானை அழுத்தினால் முடியாது என்று கத்தும். சார்ஜ் கட்டங்கள் மளமளவென்று இறங்கும், பிறகு அதே வேகத்தில் ஏறும். பின் சீற்றுக்கு அடியில் ஃபான் வேறு ஓயாமல் இரையும்.

காரை ஓட்ட உதவும் பெரிய ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்கு அடியில்தான் இருக்கிறது. ஏசியை இயக்குவதும் அதுதான். ஏசி போட்டு நின்றால் இடைக்கிடை எஞ்சின் எழும்புவது பிழையல்ல. ஏசியை நிறுத்தியும் எழும்பினால்தான் யோசிக்க வேண்டும்.

கராஜ் ஒன்றில் காட்டினேன். ஸ்கானரைச் செருகி எடுத்த கையோடு, "அண்ணை, பற்றரி முடிஞ்சுது, முழுசா மாத்த வேணும்" என்றார்கள். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, ஸ்கானரில் பிழைக் கோட் ஒன்றும் விழவில்லை. சீற்றைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் லட்சக் கணக்கில் விலை சொன்னார்கள். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

காலையில் கார் நன்றாக ஓடியது, மத்தியானம்தான் படுத்தியது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பற்றரி செத்திருந்தால் காலையிலும் காட்ட வேண்டுமே? இது நிக்கல் பற்றரி, 7.2 வோல்ட் துண்டுகள் 20 சேர்ந்து 144 வோல்ட். சூடு ஏறினால் கணினி மின்னை எடுப்பதையும் ஏற்றுவதையும் குறைத்துவிடும். அதைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்றுத்தான். பின் சீற்றின் அடியில் உள்ள துவாரத்தால் ஃபான் அதை இழுக்கிறது.

வேலை தெரிந்த தம்பி ஒருவர் வீட்டுக்கே வந்து ஃபானைக் கழற்றினார். எங்கள் பக்கத்துக் கிரவல் புழுதி இதழ்களில் செங்கம்பளமாக அப்பியிருந்தது. துவாரத்தில் நாய் மயிரும், முறிகண்டியில் வாங்கிப் பிள்ளைகள் பின்னால் இருந்து கொறித்த கச்சானின் மெல்லிய தோலும். கழுவிப் பூட்டினார். துண்டுகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பிடித்திருந்தது, அதையும் தேய்த்துவிட்டார். இதைப் பார்த்துவிட்டு நீங்களே கை வைக்காதீர்கள். பற்றரியின் மின்னைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைக் கழற்றிப் பொறுத்திருந்து, கையுறையோடு செய்ய வேண்டிய வேலை, அந்த 144 வோல்ட் ஆளைக் கொல்லும்.

இப்போது மத்தியானத்திலும் ஈவியில் ஊர்கிறது. புதுக் கார் போல என்று சொல்ல மாட்டேன். பாரம் விழும்போது பற்றரியின் ஒரு துண்டில் மட்டும் வோல்ட் மற்றவற்றைவிடச் சற்றுக் கூடவே இறங்குகிறது. அதை மட்டும் மாற்றலாம்தான். ஆனால் கிழடுகளுக்கு நடுவே புதிது ஒன்றைச் செருகினால் அடுத்த பலவீனமானது கைவிடும், பிறகு அதன் பக்கத்தில் இருப்பது. அது முடியாத வேலை என்பதால் விட்டுவிட்டேன்.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்? எடுக்காதே என்றுதான். ஏ9 காப்பெட் றோட்டில் மட்டும் ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல கார் இல்லை, ஆனால் அவன் வயல் இருப்பது கிரவல் றோட்டின் கடைசியில். கட்டாயம் அக்குவாதான் வேண்டுமென்றால் என்னுடையதைக் கொண்டுபோகட்டும், ஃபான் கழுவியதுதானே. அடுத்த சித்திரைக்கு முன் வந்தால் விலையும் பேசலாம்.