தமிழ்99 விசைப்பலகை: எட்டு ஆண்டுகளில் முதலில் தேய்ந்தது புள்ளி

என் மடிக்கணினியில் ஒட்டிய தமிழ் எழுத்துகளில் முதலில் தேய்ந்து மறைந்தது புள்ளி. அடுத்து க, அதன் பின் த. ஔ மட்டும் ஒட்டிய நாளில் இருந்தது போலவே இன்றும் பளிச்சென்று இருக்கிறது. எட்டு ஆண்டுகளாகத் தமிழ்99 அமைப்பில்தான் தட்டச்சு செய்கிறேன். சேலத்தில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். நிரல், வினாத்தாள், வருகைப்பதிவு, பெற்றோருக்குக் கடிதம் என்று விடிந்ததிலிருந்து விசைப்பலகை மேல்தான் கை இருக்கிறது. எட்டு ஆண்டு பழகிய ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

அதற்கு முன்பு, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையையே பயன்படுத்தினேன். வேலை நடந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. 'வாழைப்பழங்கள்' என்று எழுத நினைத்தால், ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்து, ளகரத்துக்குப் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று விரல் ஒரு நொடி தயங்கும். தமிழில் நினைத்ததைத் தமிழில் எழுத நடுவில் எதற்கு இன்னொரு மொழி? இந்தக் கேள்விதான் என்னை மாற வைத்தது.

தமிழ்99, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவானது. அதே ஆண்டு தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். க அடித்து ஆ அடித்தால் கா. பள்ளியில் படித்த உயிர்மெய் இலக்கணம் அப்படியே விரலுக்கு வந்துவிடுகிறது.

பழக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பஸ்ஸில் போகும்போது செல்பேசியில் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியைத் திறந்து, ஜன்னலுக்கு வெளியே பெயர்ப்பலகையில் தெரிந்த ஊர்ப்பெயர்களையெல்லாம் அடித்துப் பார்ப்பேன். அம்மாபேட்டை, கோரிமேடு, செவ்வாய்ப்பேட்டை. கொண்டலாம்பட்டி வந்த அன்றுதான் இந்த அமைப்பின் மேல் எனக்கு உண்மையான பிரியம் வந்தது. க, ஒ, ண, ட, ல, ஆ, ம, ப, ட, ட, இ. பதினோரு தட்டு. சொல்லில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் வைக்கவில்லை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தாலும், ண-ட, ம-ப, ங-க போன்ற இன எழுத்துகளை அடுத்தடுத்து அடித்தாலும் முன்னதற்குப் புள்ளி தானே வந்துவிடும். இத்தனையையும் அதுவே வைத்த பிறகும் என் விசைப்பலகையில் புள்ளிதான் முதலில் தேய்ந்தது என்றால், தமிழில் எவ்வளவு புள்ளி வைக்கிறோம் என்று பாருங்கள்.

இந்தத் தானியங்கிப் புள்ளி சில சொற்களில் குறுக்கே வரும். பப்பாளி, வவ்வால் போன்றவற்றில் முதல் எழுத்துக்குப் பின் ஒரு அ அடித்து நிறுத்த வேண்டும். ஒரு வாரத்தில் அது கைக்குப் பழகிவிடும்.

எனக்கு மிகப் பெரிய பயன் வகுப்பறையில்தான் கிடைத்தது. பைத்தான் நிரல்மொழியில் சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, நடத்தும்போது 'சேலம்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டேன். வகுப்பு முழுவதும் மூன்று என்றது. கணினி ஐந்து என்றது. ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "எது சரி மேடம்? கணினிக்குத் தமிழ் எண்ணத் தெரியாதா?" என்று கேட்டாள். நான் விளக்கவில்லை. அவளையே முன்னால் அழைத்துத் தமிழ்99-இல் அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். ச, ஏ, ல, ம, புள்ளி. ஐந்து தட்டு. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியீடான ஒருங்குறியும் இந்தச் சொல்லை இதே ஐந்து துண்டுகளாகத்தான் வைத்திருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் துண்டுக்கு மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். தன் விரலால் எண்ணிய பிறகு அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 'அம்மா' என்ற சொல்லுக்குத் தட்டு நான்குதான், கணினிக்கு ஐந்து, ஏன் என்று அடுத்த கேள்வியை அவளே கேட்டு, தானே வந்த புள்ளிதான் ஐந்தாவது என்று பதிலையும் அவளே சொன்னாள்.

அதே வகுப்பில் சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னேன். துண்டு துண்டாகத் திரும்பியதில், தனியாக ஒரு புள்ளி முன்னால் நிற்க, 'மலேச' என்று திரையில் வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "மேடம், சேலத்தைத் திருப்பினால் மலேசியா வருகிறது!" என்றான். அன்று சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்தச் சிரிப்போடு, எழுத்து வேறு, குறியீட்டுத் துண்டு வேறு என்பதும் மனத்தில் பதிந்துவிட்டது. எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன் தமிழ் என்ற திறமூல நிரலகத்தை அடுத்த வகுப்பில் காட்டியபோது, அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

இனி குறைகள். வலக்கைச் சுண்டுவிரலுக்குச் சுமை அதிகம். ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்துகள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. 'நான் செய்தேன்' என்ற இரண்டே சொல்லில் மூன்று முறை அது ஓட வேண்டும். தேர்வுக் காலத்தில் நாள் முழுவதும் வினாத்தாள் அடித்தால் மாலையில் அந்த விரல் வலிக்கிறது. மேலும் ச, ஞ, ந ஆகியவை சதுர அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நிரலுக்குள் தமிழில் குறிப்புரை எழுதிவிட்டு மொழியை மாற்ற மறந்து சி மொழி நிரலைத் தொடர்ந்தால் அரைப்புள்ளி வர வேண்டிய இடத்தில் ந வந்து நிற்கும். நிரல் எழுதுபவர்கள் மொழி மாற்றும் விசையை எளிதாக எட்டும் இடத்தில் அமைத்துக்கொள்வது முக்கியம். நான் கேப்ஸ் லாக் விசையை அதற்கு ஒதுக்கிவிட்டேன். கடவுச்சொல் கேட்கும் திரையில் எப்போதும் ஆங்கிலமே வரும்படியும் அமைத்துவிட்டேன். இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

கணினிக்கு எழுத்தில் கட்டளை கொடுக்கும் முனையத்தில், மொழி மாறாமல் கட்டளை அடித்தால் வரும் சொற்களை எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை, 'தி' என்று வரும். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட், 'எனே' ஆகும். பைத்தானின் பிரின்ட், 'ணைனலே'. "கோப்பு இருக்கிறதா என்று தி போட்டுப் பார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. எந்த விசையில் எந்த எழுத்து என்பது விளையாட்டாகவே அவர்களுக்கு வந்துவிட்டது.

வருகை குறைந்த மாணவர்களின் வீட்டுக்கு முன்பு ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவம் போகும். இப்போது நானே தமிழில் எழுதுகிறேன். ஒரு கடிதத்துக்குப் பத்து நிமிடம் போதும் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடிகிறது. அம்மாபேட்டையில் தறி ஓட்டும் ஒரு தந்தை கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கல்லூரிக்கே வந்தார். "நானே இரண்டு முறை படித்தேன், டீச்சர். பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று" என்றார். முந்தைய படிவங்களை அந்தப் பையன்தான் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். என்ன படித்துக் காட்டினான் என்று நான் கேட்கவில்லை. அவன் அடுத்த வாரத்திலிருந்து முதல் மணிக்கே வந்துவிடுகிறான்.

வாங்குவதற்கு எதுவும் இல்லை. உபுண்டு இயங்குதளத்தில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. செலவு என்றால் எழுத்து ஒட்டும் தாள் மட்டுமே. தேய்ந்த எழுத்துகளை என் கணினியில் நான் மீண்டும் ஒட்டவில்லை, விரலுக்கு இடம் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு வேண்டும் என்பதால் ஐந்து ரோடு அருகே ஒரு கடையில் தாள் அச்சடித்து வாங்கி, சென்ற சனிக்கிழமை மாணவர்களோடு உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினேன். ஆய்வக உதவியாளர் அண்ணா ஒவ்வொரு விசைப்பலகையாகத் துடைத்துக் கொடுத்தார். ஆறு முடிந்தது. இன்னும் இருபத்து நான்கு இருக்கின்றன.