ஆர்சி522-ஆ, ஆர்டிஎம்6300-ஆ?

முதன்முதலாக ஆர்எஃப்ஐடி ரீடர், அதாவது கார்டைத் தொடாமலே ரேடியோ அலையால் படிக்கும் கருவி, செய்ய உட்காருபவர்கள் தடுமாறுவது இந்த இரண்டு மாட்யூல்களுக்கும் நடுவில்தான்.

அதிர்வெண்: ஆர்சி522 – 13.56 மெகாஹெர்ட்ஸ். ஆர்டிஎம்6300 – 125 கிலோஹெர்ட்ஸ்.

ஒயர்: முன்னதற்கு ஏழு, எஸ்பிஐ என்ற தரவுத் தொடர்பு முறை வழியாக. பின்னதற்கு மூன்றே மூன்று. கார்டைக் காட்டினால் 9600 பாட் வேகத்தில் எண்ணைத் தானே அனுப்பிவிடும்.

மின்சாரம்: முன்னது 3.3 வோல்ட், பின்னது 5 வோல்ட். அவசரத்தில் மாற்றிக் கொடுத்து ஒரு ஆர்சி522-ஐப் பொசுக்கியவன் நான்.

ஆன்டெனா: உண்மையான வித்தியாசம் இங்கேதான். 125-க்கு எனாமல் பூசிய செம்புக் கம்பியைக் கையாலேயே காயிலாக (கம்பிச்சுருளாக) சுற்றலாம். 345 மைக்ரோஹென்றி காயிலும் 4.7 நானோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்தால் 125 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும். இரண்டு சுற்று கூடிவிட்டதா, அவிழ்த்துவிடுங்கள். 13.56-ல் ஆன்டெனா என்பது பிசிபியிலேயே (சர்க்யூட் போர்டிலேயே) பொறித்த சில சுற்றுகள். ஆன்டெனாவைச் சிப்புடன் இசைவிக்கும் மேட்சிங் கெபாசிட்டர் பிசகினால் படிக்கும் தூரம் சுருங்கிவிடும், காரணமும் சட்டென்று பிடிபடாது.

எழுதுவது: ஆர்சி522 மைஃபேர் (13.56-ல் வேலை செய்யும் ஒரு வகை) கார்டில் எழுதவும் செய்யும். மற்றது படிக்க மட்டும்.

பாதுகாப்பு: இரண்டையும் நம்பி வீட்டைப் பூட்டாதீர்கள். 125 கார்டின் எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடிய டி5577 கார்டில் நகலெடுப்பது சுலபம். மைஃபேர் கிளாசிக்கின் குறியாக்கம் 2008-லேயே உடைபட்டது.

சர்க்யூட்டைக் கற்க வேண்டுமானால் 125-ல் காயில் சுற்றுங்கள். கார்டில் பேலன்ஸ் எழுதிவைக்கும் ப்ராஜெக்ட் என்றால் ஆர்சி522 மாட்யூலை வாங்குங்கள், அதன் ஆன்டெனாவில் மட்டும் கைவைக்காதீர்கள்.