ஜி.729 அனெக்ஸ் ஏ: பாதிக் கணக்கில் அதே பேச்சு

சின்ன டிஎஸ்பி (ஒலி போன்ற சிக்னல்களுக்கான கணக்குகளைப் போடும்) சிப்பில் குரல் அழைப்பை ஓடவிட வேண்டியிருந்தது. அதற்காக, பேச்சைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 என்ற கோடெக்கின் எளிமையாக்கிய வடிவமான அனெக்ஸ் ஏ-வை எடுத்து, சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு தரும் சி நிரலை அந்தச் சிப்புக்குப் போர்ட் செய்து, ஹெட்ஃபோனில் கேட்டும் பார்த்தேன். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

1985-ல் ஷ்ரோடரும் பிஷ்ணு அடலும் செல்ப் (CELP) என்ற பேச்சுச் சுருக்க முறையை முன்வைத்தபோது, ஒரு நொடிப் பேச்சைக் குறியாக்க கிரே சூப்பர் கம்ப்யூட்டருக்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அதே வம்சத்து கோடெக்தான் இது. 1996-ல் வந்தது. நொடிக்கு 8 கிலோபிட், 10 மில்லிசெகண்ட் ஃபிரேம் (ஒரு தடவையில் குறியாக்கும் துண்டு), பிட்ஸ்ட்ரீம் (அனுப்பும் பிட் வரிசை) எல்லாம் மூல ஜி.729 மாதிரியே. எதிர்முனையில் பழையது ஓடினாலும் பேச்சு போய்ச் சேரும். கணக்கு வேலை மட்டும் ஏறக்குறையப் பாதி.

மிச்சம் பிடித்ததில் பெரிய பங்கு கோட்புக் தேடலில், அதாவது பேச்சுக்கு மிக நெருங்கி வரும் பல்ஸ் அமைப்பைத் தேடுவதில். 40 சாம்பிள் கொண்ட ஒவ்வொரு சப்ஃபிரேமிலும் (அரை ஃபிரேம்) நான்கு பல்ஸை (சின்னத் துடிப்பு) வைக்க வேண்டும். மூன்று பல்ஸுக்குத் தலா 8 இடம், நான்காவதற்கு 16. பெருக்கினால் 8192 சேர்க்கை. பிளஸ்ஸா மைனஸா என்பதைத் தேடுவதே இல்லை. அந்த இடத்தில் கோரிலேஷனின் (இலக்கு ஒலியோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவின்) குறி என்னவோ அதையே முன்கூட்டி வைத்துவிடுகிறார்கள். இது மூல ஜி.729-லேயே உண்டு. அனெக்ஸ் ஏ அதோடு நிற்காமல், இரண்டிரண்டு பல்ஸாகக் கிளை பிரித்துத் தேடி, 320 சேர்க்கையோடு முடித்துக்கொள்கிறது. மொத்தத்தில் 4 சதவீதம்கூட இல்லை! அப்படியும் சாதாரணப் பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பின்னணி இரைச்சல் கூடும்போது மட்டும் ஏ-வில் லேசான கரகரப்பு. குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கும் பிட்ச் தேடலிலும் முதல் சுற்றில் ஒன்றுவிட்டு ஒரு சாம்பிளைத்தான் எடுக்கிறது.

நிரலை அப்படியே கம்பைல் செய்து வேகத்தை எடை போடாதீர்கள். ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலும் அதில் தனி ஃபங்ஷன். ஓவர்ஃப்ளோவையும் (விடை கொள்ளளவைத் தாண்டுவதையும்) உள்ளேயே சரிபார்க்கும். அவற்றைச் சிப்பின் சொந்தக் கட்டளைகளாக மாற்றிய பிறகுதான் நிஜ வேகம் தெரியும். மாற்றியதும் கூடவே வரும் டெஸ்ட் வெக்டர்களை (சரியான விடையோடு வரும் சோதனைக் கோப்புகளை) ஓட்டுங்கள், ஒரு பிட் பிசகாமல் பொருந்த வேண்டும். சாச்சுரேட் ஆகாத (எல்லை தாண்டினால் உச்ச மதிப்பில் நிற்காத) கூட்டல் எங்காவது ஒளிந்திருந்தால் ஓவர்ஃப்ளோ கோப்பு காட்டிக் கொடுத்துவிடும். இவ்வளவு ஒழுங்கான சோதனைக் கோப்புகள் எல்லா கோடெக்கோடும் வருவதில்லை.

இசைக்கு இது ஆகாது. ஹோல்டில் போடும் பாட்டு நசுங்கித்தான் கேட்கும்; மனிதக் குரலுக்கென்றே கட்டிய மாடல் அப்படித்தான் நடந்துகொள்ளும். காப்புரிமைகளில் பெரும்பாலானவை 2017 தொடக்கத்தோடு முடிந்துவிட்டதால் அந்தத் தயக்கம் வேண்டாம்.

புதிதாக, இரு முனையும் உங்கள் கையில் இருக்கும்படி கட்டுகிறீர்கள் என்றால் ஓபஸ் என்ற கோடெக்கை எடுங்கள். அதில் கணக்குச் சுமையை 0 முதல் 10 வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பழைய தொலைபேசிக் கருவிகளோடு பேச வேண்டும், சிப்பும் சின்னது என்றால் அனெக்ஸ் ஏ-வைத் தாராளமாக எடுக்கலாம்.