ஃபிக்மாவா, கைக்கோடா, எலிமெண்டரா: இணையதள வடிவமைப்பை எதிலிருந்து தொடங்கிக் கற்பது?

இணையதள வடிவமைப்பு கற்க வருபவருக்கு இன்று மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. ஃபிக்மா என்ற வரைகருவியில் திரைகளை வரைந்து பழகுவது ஒன்று. பக்கத்தின் உள்ளடக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் இரண்டையும் கையால் எழுதிப் பழகுவது (கைக்கோடு) இன்னொன்று. தளத்தை நிர்வகிக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் எலிமெண்டர் போன்ற இழுத்துப்போடும் கருவியைப் போட்டு நேரே தளத்தைக் கட்டிவிடுவது மூன்றாவது. மூன்றிலும் வேலை கிடைக்கிறது, மூன்றிலும் நல்ல தளம் செய்யலாம். ஆனால் கற்பவரின் கண்ணையும் முடிவெடுக்கும் திறனையும் மூன்றும் ஒரே மாதிரி வளர்ப்பதில்லை.

ஒப்பிட வசதியாக மூன்றுக்கும் ஒரே வேலையைக் கொடுப்போம். ஒரு தையல் பயிற்சி மையத்துக்கு நான்கு பக்கத் தளம்: முகப்பு, வகுப்புகளும் கட்டணமும், நேர அட்டவணை, தொடர்பு. எல்லாம் தமிழில். பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் கையில் 360 பிக்சல் அகலத் திரையுள்ள ஆண்ட்ராய்டு போன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முதல் ஆறு வாரம் கைக்கோடு, அதன்பின் ஃபிக்மா, தேவைப்பட்டால் மட்டும் எலிமெண்டர். காரணங்கள் கீழே.

ஃபிக்மா: யோசிக்க வேகம், ஏமாற எளிது

2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா பிரவுசரிலேயே ஓடுகிறது, ஒரே கோப்பில் பலர் சேர்ந்து வேலை செய்யலாம். நிறுவனங்களில் யூஐ (பயனர் இடைமுக) வடிவமைப்பாளர் வேலைக்குப் போகிறவர் இதைத் தெரியாமல் போக முடியாது. இதன் உண்மையான பலம் மாற்று யோசனைகள். தையல் மையத்தின் முகப்பை ஒரு மணி நேரத்தில் மூன்று விதமாக வரைந்து, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். கோடு எழுதுபவர் இதே ஒரு மணி நேரத்தில் ஒன்றைத்தான் முடிப்பார், முடித்ததன் மேல் பாசமும் வைத்துவிடுவார்.

குறை எங்கே என்றால், வரைபலகையில் எதுவும் தானாக நகராது. பிரவுசரில் எழுத்து பெருகினால் பெட்டி நீளும், திரை சுருங்கினால் வரி மடங்கும். ஃபிக்மாவில், உள்ளடக்கத்துக்கேற்பப் பெட்டியை நீட்டிச் சுருக்கும் ஆட்டோ லேஅவுட் போடாதவரை அப்படி நடப்பதில்லை. எழுத்துப் பெட்டியின் அளவை நிலையாக வைத்துவிட்டால் கூடுதல் வரி பெட்டியைத் தாண்டி வழிந்து நிற்கும். புதியவர்கள் அப்போது உள்ளடக்கத்தைச் சுருக்கிவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததாக நினைக்கிறார்கள். ‘மேம்பட்ட ஆரி வேலைப்பாடு’ என்ற வகுப்பின் பெயர் ‘ஆரி’ என்று குறுகுவது இப்படித்தான்.

இன்னொரு பொறி பெரிதாக்கிப் பார்ப்பது. பெரிய மானிட்டரில் 200 சதவீதத்தில் வேலை செய்யும்போது 12 பிக்சல் எழுத்துகூடக் கம்பீரமாகத் தெரியும். வரைந்ததை ஃபிக்மாவின் போன் செயலியில் திறந்து, கையில் பிடித்துப் பார்த்தால்தான் நிஜ அளவு தெரியும். முதல் திரையை 1440 பிக்சலில் தொடங்காமல் 360இல் தொடங்குங்கள். சிறியதிலிருந்து பெரியதுக்கு விரிப்பது சுலபம், பெரியதைச் சுருக்குவது வலி.

மூன்றாவதாக, ஃபிக்மாவில் எல்லாம் நல்ல நாளின் படமாகவே இருக்கும். போன் எண்ணில் ஒன்பது இலக்கம் போட்டால் என்ன செய்தி வரும், இந்த மாதம் வகுப்பே இல்லை என்றால் அட்டவணைப் பக்கம் எப்படி நிற்கும், படம் ஏறவில்லை என்றால் அந்த இடம் என்னவாகும்? கருவி இதைக் கேட்பதில்லை. ஒவ்வொரு திரைக்கும் வெறுமை, பிழை, காத்திருப்பு என்ற மூன்று நிலைகளையும் தனியே வரையும் பழக்கத்தைக் கற்பவர்தான் கொண்டுவர வேண்டும்.

கைக்கோடு: மெதுவாக வரும், ஆனால் காரணம் தெரியும்

இந்த வழியில் எல்லோரும் பயப்படுவது நேரத்தைப் பற்றி. நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு வாரத்தில் மேலே சொன்ன நான்கு பக்கத் தளம் கௌரவமாக எழுந்து நிற்கும். வரிசை மட்டும் மாறக்கூடாது.

முதல் வாரம் நிறமும் எழுத்துருவும் வேண்டாம். பக்கத்தின் சொற்களை முழுவதும் எழுதி, எச்டிஎம்எல்லில் மட்டும் போடுங்கள். பக்கத்துக்கு ஒரே ஒரு எச்1 (முதன்மைத் தலைப்பு), அதன் கீழ் எச்2 (துணைத் தலைப்பு), பட்டியல்கள், அட்டவணை, படிவம். சிஎஸ்எஸ் ஒரு வரிகூட இல்லாத இந்தப் பக்கம் மேலிருந்து கீழே படித்தால் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் கோளாறு உள்ளடக்க வரிசையில் இருக்கிறது, அதை எந்த அழகும் மூடாது. அழுத்துவதற்குரியவை எல்லாம் நிஜமான பட்டன் அல்லது லிங்க் குறிச்சொல்லாகவே இருக்கட்டும். டிவ் என்ற வெறும் பெட்டிக் குறிச்சொல்லைப் பட்டன்போல அலங்கரித்தால் விசைப்பலகையால் அதை அடைய முடியாது, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானும் அதைப் பட்டன் என்று சொல்லாது.

இரண்டாம் வாரம் எழுத்து மட்டும்: அளவு, வரி உயரம், வரி நீளம், பத்தி இடைவெளி. மூன்றாவதில் பெட்டிகளும், அவற்றை வரிசையில் அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸும். பெட்டியின் அளவைக் கணக்கிடும் முறையான பாக்ஸ்-சைஸிங்கை பார்டர்-பாக்ஸ் என்று தொடக்கத்திலேயே வைத்துவிட்டால், 100 சதவீத அகலம் கொடுத்த பெட்டி பேடிங் (உள் இடைவெளி) சேர்ந்து திரையைத் தாண்டுகிற தலைவலி வராது. இடைவெளிகளுக்கு 4, 8, 16, 24, 32, 48, 64 என ஒரு படிவரிசை வைத்துக்கொண்டு அதற்கு வெளியே போகாதீர்கள். புதியவர் செய்த பக்கம் ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றுவதற்கு, 13, 19, 27 என்று கண்டபடி விழுந்த இடைவெளிகளே பெரும்பாலும் காரணம்.

நான்காம் வாரம், பெட்டிகளை நெடுக்கும் குறுக்குமாக அடுக்கும் கிரிட். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இது வந்தபின், ஃப்ளோட் வைத்து முட்டுக்கொடுத்த பழைய வித்தைகளைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஐந்தாவதில் நிறம். பின்னணிக்கும் சாதாரண அளவு எழுத்துக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 என்பது, தளம் எல்லோருக்கும் எட்டுவதற்கான வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜியின் விதி, பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளையின் மேல் #767676 என்ற நிறக்குறியீட்டுச் சாம்பல் 4.54 வாங்கித் தேறுகிறது, ஒரு படி வெளுத்த #777777 4.48இல் தவறுகிறது. பல டெம்ப்ளேட்டுகள் விரும்பிப் போடும் #999999க்கு 2.85தான். வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று கட்டணம் பார்ப்பவருக்கு அது தெரியாது.

ஆறாவது வாரம் படிவமும் போன் சோதனையும். உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனில் தொட்டவுடன் பக்கம் தானாகப் பெரிதாகிக்கொள்ளும். தொடும் இடங்கள் 24க்கு 24 பிக்சலுக்குக் குறையக்கூடாது என்பது 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2இன் குறைந்தபட்ச அளவு. ஆண்ட்ராய்டின் சொந்தப் பரிந்துரை 48. தையல் மையத்தின் ‘அழைக்க’ பட்டனுக்கு 48ஐயே வையுங்கள். பக்கத்தைப் போனின் அகலத்துக்கே வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியை மறந்தால் போன் அந்தப் பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலத்தில் வரைந்து சுருக்கிக் காட்டும், அத்தனை உழைப்பும் எறும்பு அளவில் தெரியும்.

கைக்கோட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இதில் மட்டுமே பழகியவர்களின் தளங்கள் ஒன்றுபோலவே வரும். எழுதத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள், தெரியாத அமைப்பைக் கற்பனை செய்யவே மாட்டார்கள். ஆறு வாரத்துக்குப் பின் ஃபிக்மா வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்புகளான பூட்ஸ்ட்ராப், டெயில்விண்ட் இரண்டையும் இந்த ஆறு வாரத்துக்குள் தொட வேண்டாம். டெயில்விண்டின் 4 பிக்சல் படிவரிசை நல்ல ஒழுக்கம், பூட்ஸ்ட்ராப்பின் 12 நெடுவரிசை அமைப்பும் பலருக்குக் கைகொடுத்தது. ஆனால் அடியில் ஓடும் சிஎஸ்எஸ் தெரியாதவருக்கு இரண்டுமே மனப்பாடம்தான்.

எலிமெண்டர்: இன்றே தளம், நாளைக்குப் புதிர்

வேர்ட்பிரஸ் 2003இலும் எலிமெண்டர் 2016இலும் வந்தவை. ஒரு டெம்ப்ளேட்டை இறக்கி, படத்தையும் சொற்களையும் மாற்றினால் தையல் மையத்தின் தளம் இரண்டு நாளில் தயார். டொமைன், ஹோஸ்டிங், மெனு, படிவம், தேடுபொறிக்கான தலைப்பு என்று ஒரு தளத்தைச் சுற்றி இருக்கிற அத்தனை வேலையும் இந்த வழியில்தான் சீக்கிரம் பழக்கமாகும். மற்ற இரண்டு வழிகளிலும் கற்பவர் இதையெல்லாம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்.

ஆனால் ஒரு தலைப்புக்கு மேல் தேவையில்லாத வெற்றிடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் தீமிலிருந்து (தளத்தின் ஆயத்தத் தோற்றம்) வரும் மார்ஜினாக (வெளி இடைவெளி) இருக்கலாம், கன்டெய்னரின் (சுற்றியுள்ள பெட்டி) பேடிங்காக இருக்கலாம், விட்ஜெட்டின் (இழுத்துப்போட்ட துண்டு) சொந்த இடைவெளியாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று பார்க்கத் தெரியாதவர் மைனஸ் 40 பிக்சல் மார்ஜின் கொடுத்து மேலே இழுத்துவிடுவார். கணினியில் சரியாகிவிடும். போனில் தலைப்பு படத்தின் மேல் ஏறி உட்காரும். பிறகு போனுக்கு வேறொரு மைனஸ். இந்தத் தளத்தை ஆறு மாதம் கழித்து எவராலும் திருத்த முடியாது.

அடுத்த வழக்கமான தவறு, எழுத்தளவையும் நிறத்தையும் ஒவ்வொரு விட்ஜெட்டிலும் தனித்தனியே வைப்பது. உரிமையாளர் ‘பச்சையைக் கொஞ்சம் அடர்த்தியாக்குங்கள்’ என்று சொன்னால் நாற்பது இடத்தில் மாற்ற வேண்டிவரும். தள அமைப்புகளில் பொது நிறம், பொது எழுத்துரு இரண்டையும் முதல் நாளே வரையறுத்துவிட்டு, பிறகுதான் முதல் விட்ஜெட்டை இழுக்க வேண்டும்.

வேகமும் குறையும். எலிமெண்டர், அதற்கு மேல் ஆட்-ஆன் ப்ளகின்கள் (கூடுதல் செருகுநிரல்கள்), ஸ்லைடர் (மாறி மாறி வரும் படங்கள்) என்று ஒவ்வொன்றும் தன் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஏற்றும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், ஏறும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும் என்பவை கூகுள் வைத்திருக்கும் எல்லைகள். நான்கே பக்கத் தளம் இவற்றைத் தாண்டுகிறது என்றால் முதலில் ஸ்லைடரை எடுங்கள். தையல் மையத்துக்கு அது தேவையும் இல்லை. வேர்ட்பிரஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு, 2018 டிசம்பரில் வந்த அதன் சொந்த பிளாக் எடிட்டர் போதுமானது, எடையும் குறைவு.

தமிழ் எழுத்தை வைத்துச் சோதித்தால்

மூன்று வழிகளின் வேறுபாடும் தமிழில் போட்டுப் பார்க்கும்போது பளிச்சென்று தெரிகிறது. ‘கீ’யின் கொம்பு மேலே போகிறது, ‘மூ’வின் சுழி கீழே இறங்குகிறது. பூட்ஸ்ட்ராப் தலைப்புகளுக்கு 1.2 வரி உயரம் வைத்திருக்கிறது. டெயில்விண்டின் பெரிய தலைப்பு அளவுகளில் அது வெறும் 1. இரண்டு வரித் தமிழ்த் தலைப்பில் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். தலைப்புக்கு 1.4, உடல் எழுத்துக்கு 1.7 என்று தொடங்கி, எழுத்துருவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். ஒரே பிக்சல் அளவிலும் மூன்றும் ஒரே உயரமாகத் தெரியாது, அதனால் எழுத்துருவை மாற்றினால் அளவையும் மறுபடி பாருங்கள்.

வரி நீளத்துக்கு ஆங்கிலப் பாடங்களில் 65 சிஎச் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்த அலகு பூஜ்ஜியத்தின் அகலத்தை வைத்துக் கணக்கிடுகிறது. தமிழ் எழுத்துகள் பல அதைவிட அகலம் என்பதால் அதே எண் தமிழில் வேறு விளைவு தரும். எண்ணை நம்பாமல், வரிக்கு ஆறிலிருந்து ஒன்பது சொல் வருகிறதா என்று கண்ணால் எண்ணிப் பாருங்கள். ‘விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு’ போன்ற ஒரே சொல் 360 பிக்சல் திரையில் பெரிய எழுத்தில் அடங்காது. நீண்ட சொல்லை உடைக்கும் சிஎஸ்எஸ் கட்டளையான ஓவர்ஃப்ளோ-ராப் கொடுத்தால் எங்கோ உடையும், அசிங்கமாக இருக்கும். தலைப்பில் சொல்லை மாற்றுவதே சரியான தீர்வு. சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். சாய்வு வடிவம் இல்லாத தமிழ் எழுத்துருவைப் பிரவுசர் தானே வளைத்துக் காட்டும், அது படிக்க நன்றாக இராது.

கட்டண அட்டவணையும் இப்படித்தான். வகுப்பு, காலம், நேரம், கட்டணம், பொருள் செலவு என ஐந்து நெடுவரிசை. கைக்கோடு எழுதுபவர் முதல் வாரமே அது திரையைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துவிடுவார். அட்டவணையைச் சுற்றி ஒரு பெட்டி வைத்து அதை மட்டும் பக்கவாட்டில் நகரவிடுவதா, ஒவ்வொரு வகுப்பையும் தனி அட்டையாக்குவதா என்று அப்போதே முடிவெடுப்பார். ஃபிக்மாவில் 360 திரையை வரைந்தவருக்கு மட்டுமே இது தெரியவரும். டெம்ப்ளேட்காரர் வேறொரு ப்ளகின் தேடப் போவார், அல்லது அட்டவணையைப் படமாகப் போட்டுவிடுவார். படத்தில் இருக்கும் கட்டணத்தைப் போனில் படிக்கவும் முடியாது, தேடவும் முடியாது.

யாருக்கு எது

நிறுவன வேலையை நோக்கிப் படிப்பவர் ஆறு வாரக் கைக்கோட்டுக்குப் பின் ஃபிக்மாவுக்கு எட்டு வாரம் கொடுக்கட்டும். அதற்குள் ஆட்டோ லேஅவுட், கம்பொனன்ட் (திரும்பப் பயன்படுத்தும் துண்டு), வேரியன்ட் (அதன் மாற்று வடிவம்) மூன்றும் கைக்கு வந்துவிட வேண்டும். சிஎஸ்எஸ் தெரிந்தவருக்கு ஆட்டோ லேஅவுட் ஒரே நாளில் புரியும், அது பெரும்பாலும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ்தான். கோடு பக்கமே போகப் பிடிக்காதவர் ஃபிக்மாவில் தொடங்கலாம், ஆனால் முதல் இரண்டு வார எச்டிஎம்எல், எழுத்துப் பாடங்களையாவது முடித்துவிட்டுப் போகட்டும்.

எந்த வழியில் செய்திருந்தாலும் ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். சிறிய குழுவே போதும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இலிருந்து வலியுறுத்திவரும் எண் இது. ‘மாலை வகுப்பு எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, மையத்துக்குப் போன் போடுங்கள்’ என்று மூன்று வேலை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்பதை மட்டும் குறியுங்கள்.

எலிமெண்டரோ பிளாக் எடிட்டரோ முந்தும் சூழல் ஒன்று உண்டு. மையத்தை நடத்துபவரே மாதாமாதம் கட்டணத்தையும் நேரத்தையும் மாற்றப்போகிறார் என்றால், கைக்கோட்டில் செய்த தளம் அவருக்குப் பயன்படாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் உங்களையே கூப்பிடுவார், பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிடுவார், தளத்தில் பழைய கட்டணமே நிற்கும். அங்கே வேர்ட்பிரஸில் கட்டி, அவர் தொட வேண்டிய இரண்டு பக்கங்களை மட்டும் திருத்தும் அனுமதியோடு ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது அவரையே உட்கார வைத்து, ஒரு கட்டணத்தை மாற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.