பெப் 8-ஆ, பிளாக்கா? ஆறு பேர் ஒரே கோடில் கை வைக்கும்போது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை, கே.கே. நகரில் உட்கார்ந்து ஆறு பேராகப் பைத்தானில் எழுதுகிறோம். முதல் ஒன்றரை வருடம் பெப் 8 என்ற பைத்தான் எழுத்து நடை விதிகளை வைத்துக்கொண்டு ரிவியூவில், அதாவது ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும்போது, கண்ணால் பார்த்துத் திருத்தினோம். போன வருடம், கோடின் அமைப்பைத் தானாகவே ஒரே மாதிரி மாற்றி எழுதும் பிளாக் ஃபார்மேட்டருக்கு மாறினோம். பலர் சேர்ந்து எழுதும் கோடு என்றால் என் ஓட்டு பிளாக்குக்குத்தான்.

பார்க்க ஒழுங்காக இருப்பது இரண்டிலும் உண்டு. வரி நீளம் பெப் 8-இல் 79 எழுத்து, பிளாக்கில் 88. ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

விஷயமே டிஃபில்தான், அதாவது பழைய கோடுக்கும் புதியதற்கும் என்ன மாறியது என்று வரி வரியாகக் காட்டும் பட்டியலில்தான், இருக்கிறது. 2001-இல் வந்த பெப் 8 பல இடங்களில் முடிவை நம்மிடமே விடுகிறது. ஒற்றை மேற்கோளா இரட்டையா என்று அது சொல்வதில்லை. நீளமான ஃபங்ஷன் அழைப்பை மடக்கும்போது அடைப்புக்குறிக்கு நேர் கீழேயும் வைக்கலாம், நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளியும் வைக்கலாம். ஆறு பேரும் விதிப்படிதான் எழுதினோம், ஆளுக்கொரு விதமாக. யார் கோப்பைத் திறந்தாலும் தன் கைப்பழக்கத்துக்கு மாற்றிவிடுவார்.

ஒரு நாள் எடையை ரவுண்ட் செய்யும் வரியில் தசம இடம் 3 என்பது 2 ஆகியிருந்தது. 1.248 கிலோ மல்லிகை பில்லில் 1.25 ஆனது. அந்த டிஃபில் 140 வரி. மற்றதெல்லாம் மேற்கோளும் இண்டென்டும் (வரியை உள்ளே தள்ளும் இடைவெளி). ரிவியூ செய்தது நான். கடைக்காரர் கணக்கு நோட்டோடு வந்து நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது கிட்டில் (கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கருவி) கமிட் போடும்போதே, அதாவது மாற்றத்தைப் பதியும்போதே, பிளாக் ஓடிவிடுகிறது. ஒரு வரிக்குள் அடங்காத பட்டியலை வரிக்கு ஒன்றாகப் பிரித்து, கடைசிப் பெயருக்குப் பின்னாலும் காற்புள்ளி வைக்கிறது. பூ பட்டியலில் சம்பங்கியைச் சேர்த்தால் டிஃபில் புதிதாகச் சேர்ந்ததைக் காட்டும் ஒரே ஒரு பச்சை வரி. அந்த ரவுண்ட் மாற்றம் இன்று வந்தால் தனியாக நிற்கும்.

மாறுகிற நாளில் மட்டும் கவனம் வேண்டும். எல்லாக் கோப்பும் ஒரே நேரத்தில் மாறுவதால், கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளை) பாதி வரிகளுக்கு மேல் அன்று கமிட் போட்டவர் பெயர் வந்து நிற்கும். திறந்திருக்கும் கிளைகளை (ஆளுக்கு ஆள் தனியாக வேலை செய்யும் பிரதிகளை) முதலில் மெயின் கோடோடு மெர்ஜ் செய்யுங்கள். அப்புறம் ஃபார்மேட்டை மட்டும் தனி கமிட்டாகப் போட்டு, அதன் ஹாஷை (அந்தக் கமிட்டின் அடையாளக் குறியீட்டை) ஒரு இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில், அதாவது பிளேம் கண்டுகொள்ளக் கூடாத கமிட்களின் பட்டியலில், எழுதி வையுங்கள். 2019-இல் வந்த கிட் 2.23 முதல், அந்தக் கோப்பைக் காட்டினால் பிளேம் அந்தக் கமிட்டைத் தாண்டிப் பழைய ஆளைக் காட்டும்.

பெயர் வைப்பதைப் பிளாக் தொடாது. ஒரே எடைக்கு ஒருவர் வெயிட், ஒருவர் கேஜி, இன்னொருவர் எடை என்று வைத்திருந்தோம். அதை மனிதர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும். ரிவியூ நேரம் இப்போது அதற்குப் போகிறது. நேர் நேராக அடுக்கிய கமிஷன் அட்டவணையையும் அது கலைத்துவிட்டது. அங்கே மட்டும் ஃபார்மேட்டை ஆஃப் செய்தோம்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பிளாக் போன்ற ஃபார்மேட்டரான பிரிட்டியர் போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. ஆவணி முகூர்த்த நெருக்கடியில் அவசரத் திருத்தங்கள் குவியும்; அதைத் தாண்டட்டும், பிறகு சொல்கிறேன்.