நேம் பிளேட் தெரியல தம்பி

போன வாரம் பிரிட்டனில் உள்ள கார்டிஃபிலிருந்து சித்தப்பா மகன் எட்டுப் படம் அனுப்பினான். அங்கே யாரோ வீட்டைக் காலி செய்தபோது பழைய ஹூவர் ட்வின் டப் வாஷிங் மெஷின் ஒன்று கிடைத்ததாம், துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி. "அண்ணே, ஓட வைக்க முடியுமா, பார்த்துச் சொல்லுங்க." படங்கள் அழகாகத்தான் இருந்தன. எனாமல் உரிந்த மூலை, மூடியின் கைப்பிடி, உள்ளே எட்டிப் பார்த்து எடுத்த ஒரு படம். அந்தப் படத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர் செமி ஆட்டோமேட்டிக்கில் துணியைச் சுழற்றும் தட்டு, அதாவது புல்சேட்டர், தொட்டியின் அடியில் சுற்றும். இதில் பக்கச் சுவரில் இருக்கிறது. கேள்விப்பட்டதுண்டு, படத்தில் இப்போதுதான் பார்த்தேன். அவன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர்தான் மெர்தர் டிட்ஃபில். 1948-ல் அங்கே ஹூவர் வாஷிங் மெஷின் ஆலையைத் திறந்தார்கள், 2009-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அந்த மெஷின் பிறந்த மண்ணிலேயே கிடந்திருக்கிறது.

சரி, எந்த மாடல், எந்த மோட்டார் என்று பார்க்கலாமே என்று பின்பக்கத் தகட்டை விரலால் பெரிதாக்கினேன். சாம்பலில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. அவ்வளவுதான்.

"நேம் பிளேட் தெரியல தம்பி" என்றேன். "நீங்க அனுப்புற மெஷின் படத்துல மட்டும் எழுத்தெல்லாம் பளிச்சுனு இருக்கே, எதுலண்ணே சைஸ் குறைக்கிறீங்க?" என்று கேட்டான். போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன். இருபது நிமிடம் கழித்து, "எழுதி அனுப்பிடுங்கண்ணே" என்று வைத்துவிட்டான். எழுதிவிட்டேன். அவனோடு சேர்த்து மற்றவர்களும் படிக்கட்டும்.

திருச்சியில் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை எனக்கு. பழைய மெஷின் எது வந்தாலும் எடைக்குப் போகும் முன் படம் எடுத்து வைப்பது பழக்கம். 1980-களின் கடைசியில் டிவிஎஸ் குழுமமும் வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் ஆலை போட்டார்களே, அந்தக் காலத்து மெஷின், பழைய வீடியோகான், பிபிஎல் என்று இன்றும் ஒன்றிரண்டு வரும். ஆசைக்காக மட்டும் எடுப்பதில்லை. இவற்றுக்கு டைமரோ பிரேக் வயரோ ஸ்பின் டப் பெல்லோவோ கடையில் கேட்டால் சிரிப்பார்கள். மதுரையிலோ சேலத்திலோ ஒரு மெக்கானிக்கின் பரணில் கிடக்கும். அவருக்குப் படம் போனால்தான் சாமான் வரும். படத்தில் எண் தெரியவில்லை என்றால் வேறு சாமான் வரும்.

வந்திருக்கிறது. பெல்ட்டில் எம் 19 என்று அச்சடித்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் பக்கம் அது எம் 18 ஆகத் தெரிந்திருக்கிறது. பஸ் பார்சலில் பெல்ட் வந்தது, ஒரு சைஸ் சின்னது, புல்லியில் ஏறவே மாட்டேன் என்றது. பெல்ட் விலையைவிட பஸ் பார்சல் கூலி அதிகம். தட்டச்சு செய்து அனுப்பியிருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

அந்த நாட்களில் போனிலேயே ஒரு செயலி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். ஒரே தட்டில் அத்தனை படத்தையும் சின்னதாக்கும். வேகம் பிரமாதம். சின்னதாக்கியதை அசல் படத்தின் மேலேயே எழுதிவிடும் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் கடை வாசலிலிருந்து ஆறு மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயிருந்தன. இன்று அவற்றின் படங்கள் என்னிடம் தபால்தலை அளவில் இருக்கின்றன.

அதன் பிறகு பையன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்ததுதான் இர்ஃபான்வியூ, படம் பார்க்கவும் சுருக்கவும் ஒரு மென்பொருள். ஆறு வருடமாக இதுதான். போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஷ்கில்யான் என்பவர் வியன்னாவில் படிக்கும்போது எழுதி 1996-ல் வெளியிட்டது. இன்றும் சில எம்பிதான், என் பழைய லேப்டாப்பில் கண் சிமிட்டுவதற்குள் திறக்கும். ஐகானில் ரோட்டில் வண்டி ஏறி நசுங்கின மாதிரி ஒரு சிவப்புப் பூனை. கடைக்கு வரும் குழந்தைகள் எல்லாம் அதைத்தான் கேட்கும். வீட்டில் பயன்படுத்த இலவசம், தொழிலுக்கு என்றால் பணம் கட்ட வேண்டும். நான் தொழில்காரன், கட்டிவிட்டேன். அது உறுத்தவில்லை.

என்ன என்ன வசதி என்று நான் பட்டியல் போடப் போவதில்லை, போட்டுப் பார்த்தால் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பின் டப்பை மேலிருந்து படம் எடுத்திருக்கிறீர்களா? சுற்றிலும் வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டைகள். பழைய செயலியில் இந்தப் படத்தைச் சுருக்கினால் ஓட்டைகள் போய், நனைந்த பட்டுப் புடவையில் தெரிகிற மாதிரி அலை அலையாக ஒரு கோலம் முளைக்கும். மெஷினில் அப்படி எதுவும் கிடையாது. "தொட்டி வெடிச்சிருக்கா?" என்று சேலத்துக்காரர் ஒருமுறை கேட்டார். காரணம் எளிது. படத்தின் புள்ளிகளில் (பிக்சல்) நடுநடுவே பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சத்தை நெருக்கி வைத்தால், ஓட்டைகளின் வரிசையும் மிஞ்சிய புள்ளிகளின் வரிசையும் தாளம் தப்பிப் போகும். இர்ஃபான்வியூவில் கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் வரும் பெட்டியில் ரீசைஸ் என்று ஒன்று, ரீசாம்பிள் என்று ஒன்று இருக்கும். ரீசாம்பிள் தேர்ந்து, கீழே லான்சோஸ் என்ற வடிகட்டியை வைத்தால், அது எதையும் பிடுங்கி எறியாது. சுற்றியுள்ள புள்ளிகளையும் கலந்து புதுப் புள்ளி செய்யும். முதல் தடவை அப்படிச் சுருக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு ஓட்டையும் ஓட்டையாகவே இருந்தது. கடையில் ஆள் இல்லை. இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: படத்தின் பெரிய பக்கம் 1600 புள்ளி, ரீசாம்பிள், சேமிக்கும் ஜேபெக் ஃபைலின் தரம் 90. சின்னப் படத்தைப் பெரிதாக்காதே என்ற கட்டத்தில் ஒரு டிக். பி எழுத்தை அழுத்தினால் மொத்தப் படங்களையும் வரிசையில் விடலாம். வெளியே போகும் படங்களுக்குத் தனி ஃபோல்டர், அசல் ஃபோல்டரில் எதையும் எழுதுவதில்லை. ஆறு மெஷினைத் தொலைத்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இத்தனை இருந்தும் நேம் பிளேட்? அங்கேதான் எனக்கு ஆறு வருடமாகத் தலைவலி. எந்த மென்பொருளாலும் தீராத தலைவலி என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. தம்பி, இந்தக் கணக்கை மட்டும் கவனமாகப் படி. உன் போன் 12 மெகாபிக்சல், போனை நிமிர்த்திப் பிடித்தால் அகலத்தில் 3000 புள்ளி, உயரத்தில் 4000. முழு மெஷினும் அடங்கும்படி நீ தள்ளி நின்றால் படத்தின் அகலத்தில் சுமார் ஒரு மீட்டர் அடங்கும். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 30 புள்ளி. தகட்டில் உள்ள எழுத்தின் உயரம் 2 மில்லிமீட்டர். அதற்குக் கிடைப்பது 6 புள்ளி. ஆறு புள்ளியில் 8-க்கும் 3-க்கும் என்ன வித்தியாசம் காட்ட முடியும்? இது அசல் படத்திலேயே. அதை 1600-க்குச் சுருக்கினால் இரண்டரைப் புள்ளிகூட இல்லை. லான்சோஸ் வந்தாலும் சரி, லான்சோஸின் தாத்தா வந்தாலும் சரி, இல்லாத எழுத்தைக் கொண்டுவர முடியாது.

அதே போனைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோ. அகலத்தில் பத்து சென்டிமீட்டர் மட்டும் அடங்கட்டும். எழுத்துக்கு 60 புள்ளி கிடைக்கும். 1600-க்குச் சுருக்கினாலும் 24 புள்ளி மிஞ்சும், கண்ணாடி போடாமல் படிக்கலாம். என் படங்களில் எழுத்து தெரிகிறதே என்று கேட்டாய் அல்லவா? மென்பொருளுக்கு அதில் பாதிப் பங்குகூடக் கிடையாது. முழு மெஷின் ஒன்று, தகடு தனியே ஒன்று, டைமர் குமிழ் தனியே, மோட்டார் ஸ்டிக்கர் தனியே என்று எடுப்பேன். பக்கத்தில் போக முடியாத இடமென்றால் எடுத்த படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் கட்டம் போட்டு, கன்ட்ரோல் ஒய் அழுத்தி வெட்டுவேன். வெட்டினால் ஃபைல் சின்னதாகும், எழுத்து சின்னதாகாது.

இதெல்லாம் சரியாகச் செய்தும் கடைசியில் கவிழ்ப்பது அனுப்பும் செயலி. எதுவென்று சொல்ல மாட்டேன், எல்லார் போனிலும் இருக்கிற ஒன்றுதான். படமாக அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்கு இன்னொரு முறை சுருக்கி, இன்னொரு முறை ஜேபெக்காக அமுக்கும். ஜேபெக் 1992-லிருந்து இருக்கும் முறை. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் படாது என்று தோன்றுகிற நுணுக்கங்களைக் கழிக்கும். மலை, வானம், மாப்பிள்ளை முகம் என்றால் தெரியாது. வெள்ளித் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் கொசு மொய்க்கும். அந்தப் படத்தை வாங்கியவர் இன்னொருவருக்கு அனுப்ப, அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொருவருக்கு அனுப்ப, எம் 19 எம் 18 ஆவதில் என்ன ஆச்சரியம்?

டாக்குமெண்டாக அனுப்பினால் தப்பிக்கலாம், கைவைக்காமல் போய்ச் சேரும். ஒன்றே ஒன்று. போனில் லொகேஷன் போட்டு வைத்திருந்தால் எந்த இடத்தில் எடுத்தது என்பதும் படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். டாக்குமெண்ட் அதையும் அப்படியே சுமந்துபோகும். வாடிக்கையாளர் வீட்டுக் கொல்லைப்புறம் எங்கே இருக்கிறது என்று மதுரைக்காரருக்கு எதற்கு? இர்ஃபான்வியூவில் சேமிக்கும்போது எக்சிஃப் தகவலை (இப்படிப் படத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விவரங்களுக்கு அதுதான் பெயர்) வைத்துக்கொள் என்ற டிக்கை எடுத்துவிட்டால் போய்விடும்.

இன்னொன்று, இது சைஸ் சம்பந்தப்பட்டதில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெள்ளை எனாமலைப் படம் எடுத்தால் போன் அதைச் சாம்பலாக்கும். நிறையப் பிரகாசம் என்று பயந்து தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. திரையைத் தொட்டு ஒரு படி ஏற்றிக்கொள். அப்புறம், பளபளக்கும் மூடியைப் படம் எடுக்கும்போது நீ என்ன உடுத்தியிருக்கிறாய் என்று ஒருமுறை குனிந்து பார். என் பிபிஎல் படம் ஒன்றில் லுங்கியும் பனியனுமாக நான் முழுசாக நிற்கிறேன். மெஷினைவிடத் தெளிவாக.

ஆக, வாங்கலாமா வேண்டாமா? இர்ஃபான்வியூவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு ஒன்பது கொடுப்பேன் என்றுதான் நேற்றுவரை இருந்தேன். ஒரு மார்க் அந்தப் பூனைக்காகக் கழித்தது. நேற்று இரவு தம்பி சொன்னான், அவனிடம் இருப்பது மேக் என்று. இது விண்டோஸுக்கு மட்டும்தான். இவ்வளவும் எழுதி முடித்த பிறகு சொல்கிறான். மேக்கில் பிரிவியூ என்று கூடவே வரும், அதில் டூல்ஸ் மெனுவில் அட்ஜஸ்ட் சைஸ் இருக்கும், முதலில் படத்தை நகல் எடுத்துக்கொண்டு செய் என்றேன். லான்சோஸ் உண்டா என்று கேட்டான். அவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

கோபத்தில் சொன்னேன், எதையுமே சுருக்காதே, அப்படியே டாக்குமெண்டாகத் தள்ளு என்று. ஆறு வருடமாக வேலை மெனக்கெட்டு ஒவ்வொரு படமாகச் சுருக்கியவன் சொல்கிறேன், தகடு படிக்கத்தான் படம் என்றால் சுருக்குவது வீண் வேலை. கோபம் இறங்கினால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ.

இன்று காலை கடையைத் திறக்கும் முன்பே வந்து இறங்கிவிட்டன. நாற்பத்தெட்டுப் படம், ஒவ்வொன்றும் 5 எம்பிக்கு மேல். முதல் நான்கு இறங்குவதற்குள் நேரம் ஓடிவிட்டது. நான்காவதில் தகடு இருந்தது, மாடல் எண், வோல்ட், 50 சைக்கிள், ஒரு திருகில் ஒட்டியிருந்த துரு வரை தெரிந்தது. ஏழாவது பாதியில் நிற்கும்போது இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது.